பெரம்பூர் மொட்டை மாடி பாக்ஸிங் கிளாஸ்: புதிதாகச் சேருகிறவர்களுக்கு

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். வயது முப்பதைத் தாண்டிவிட்டது, இதுவரை எந்தச் சண்டைக்கலையும் பழகியதில்லை என்றால் இந்த இடத்தில் தைரியமாகச் சேரலாம். எனக்கு வயது 38. தனியார் மருத்துவமனை லேபில் டெக்னீஷியன். நாள் முழுக்க மைக்ராஸ்கோப் முன் குனிந்திருந்து கழுத்து பிடித்துக்கொள்ளும். உடம்புக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும், ஆனால் டிரெட்மில்லில் ஓட எனக்குப் பிடிக்காது. அப்படித்தான் பாக்ஸிங் பக்கம் வந்தேன். சேர்ந்து ஆறேழு மாதம் ஆகிறது.

இடம் பெரம்பூரில், ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடி. மேலே தகரக் கூரை, தரையில் ரப்பர் மேட், வரிசையாகத் தொங்கும் பேக்குகள், ஒரு மூலையில் சின்ன ரிங். ஏசி கிடையாது, மின்விசிறிதான். சுவரில் முகமது அலி படம் மாட்டியிருக்கிறது. 1980-ல் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் இன்னொரு அமெரிக்க பாக்ஸர் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். இங்கே சொல்லித்தரும் மாஸ்டரின் அப்பா அன்று கூட்டத்தில் இருந்தவராம். வடசென்னையில் பாக்ஸிங் நேற்று வந்த ஃபேஷன் இல்லை, அது இந்த மாடியில் ஏறியதுமே தெரியும்.

சேர்வதற்கு முன் வேறு சில இடங்களையும் போய்ப் பார்த்தேன். ஓரிடத்தில் பேரைக்கூடக் கேட்காமல், ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு தள்ளுபடி என்பதிலிருந்துதான் பேச்சையே ஆரம்பித்தார்கள். இன்னோரிடத்தில் டிரையல் கிளாஸ் என்று கூப்பிட்டு, வந்த பத்தாவது நிமிடத்தில் கிளவுஸை மாட்டிவிட்டு, பாட்டைச் சத்தமாக வைத்து, பேக்கை அடிக்கச் சொன்னார்கள். எப்படி நிற்பது, மணிக்கட்டை எப்படி வைப்பது என்று ஒரு வார்த்தை இல்லை. என் பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்த பெண் கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வியர்த்தால் போதும் என்பவர்களுக்கு அது சரி. கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு அது போதாது.

இங்கே முதல் வாரம் கிளவுஸ் கைக்கே வரவில்லை. ஆரம்பப் பாடம் கால்தான். வலது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இடது கால் முன்னால், வலது கால் பின்னால், தோள் அகலத்துக்கு இடைவெளி, பின்னங்குதிகாலை லேசாகத் தூக்கியபடி நிற்க வேண்டும். முன்னே போக முன் கால் முதலில், பின்னே வரப் பின் கால் முதலில். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் கால்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டக் கூடாது. மாஸ்டர் இதை விளக்கிச் சொல்லவில்லை. காலைக் குறுக்கே வைத்தவர்களின் தோளை இரண்டு விரலால் தள்ளினார், அவ்வளவுதான். தடுமாறாதவர் ஒருவர்கூட இல்லை.

அப்புறம் ஜாப், அதாவது முன் கையால் நேராக விடும் குத்து. நாள்கணக்கில் கண்ணாடி முன் நின்று ஜாப் மட்டுமே. இடது முஷ்டி கன்னத்திலிருந்து நேர்கோட்டில் போய், முடிவில் உள்ளங்கை தரையைப் பார்க்கத் திரும்பி, போன வழியிலேயே கன்னத்துக்கு வந்துவிட வேண்டும். முழங்கை வெளியே விரியக் கூடாது. வலது கை தாடையை விட்டு நகரவே கூடாது. ஆனால் எல்லோருக்கும் நகரும். இடது கை போகிற அதே நேரத்தில் வலது கை தானாக இறங்கிவிடும், கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தாலும் இறங்கும். இதற்கு மாஸ்டர் வைத்திருக்கும் வழி எளிது. தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு டென்னிஸ் பந்தை இடுக்கிக்கொள்ளச் சொல்கிறார், தாடை தாழ்ந்தே இருப்பதற்கு. வலது கையில் ஒரு கைக்குட்டையைக் கொடுத்து அதைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்கிறார். கைக்குட்டை கன்னத்தை விட்டு விலகினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. “கையை எறக்காதம்மா, அதுதான் உன் வீட்டுக் கதவு” என்பார். குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை.

சலிப்பாக இருக்கும், அதை மறைக்கவில்லை. என்னுடன் சேர்ந்த காலேஜ் பையன்கள் சிலர் கிளவுஸ் போடுவதற்கு முன்பே நின்றுவிட்டார்கள். ஆனால் மாஸ்டர் கையில் மாட்டிப் பிடிக்கும் மெத்தையான பேடில் அடிக்க ஆரம்பித்த அன்று அந்த வாரங்களின் அருமை எனக்குப் புரிந்தது. மாஸ்டர் பேடைப் பிடித்துக்கொண்டு “ஒண்ணு, ரெண்டு” என்பார். ஒண்ணு ஜாப், ரெண்டு கிராஸ், அதாவது பின் கையால் நேராக விடும் குத்து. கிராஸ் அடிக்கும்போது பின்பாதம் சுழன்று, இடுப்பு திரும்பி, அதற்குப் பிறகுதான் கை போகிறது. சரியாக விழுந்தால் பேடில் சுள்ளென்று ஒரு சத்தம் வரும், கையில் வலியே இருக்காது. தோளை மட்டும் வைத்துத் தள்ளினால் பொத்தென்று விழும், தோள் சீக்கிரம் ஓய்ந்துபோகும். இந்த இரண்டு சத்தத்தையும் காதால் பிரித்துக் கேட்கப் பழகியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். மூன்று நிமிடம் ஒரு ரவுண்டு, நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு. ஒலிம்பிக் போட்டிக்கே மூன்று ரவுண்டுதான். டிவியில் பார்க்கும்போது சீக்கிரம் முடிகிற மாதிரி இருக்கும். பேக் முன் நிற்கும்போது அந்த மூன்றாவது நிமிடம் நகரவே நகராது.

ஹேண்ட் ராப் கட்டுவதைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லித் தருகிறார்கள். பெரியவர்களுக்கு 180 அங்குலப் பட்டை, ஏறக்குறைய நாலரை மீட்டர். முனையில் உள்ள வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, புறங்கை வழியாகக் கொண்டுவந்து மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல் முட்டிகளின் மேல் மூன்று சுற்று, அப்புறம் விரலிடுக்குகளில் ஒவ்வொன்றாக நுழைத்து, கட்டைவிரலையும் சுற்றி, மீதியை மணிக்கட்டில் ஒட்ட வேண்டும். சுற்றும்போது விரல்களை நன்றாக விரித்து வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முஷ்டி மடக்கும்போது இறுகி விரல் மரத்துவிடும். மனிதக் கையில் மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை மட்டும் 27 எலும்புகள் இருக்கின்றன. அடி சுட்டுவிரல், நடுவிரல் முட்டிகளில் விழ வேண்டும். கோபத்தில் சுவரைக் குத்திவிட்டு எங்கள் மருத்துவமனைக்கு வருகிற பையன்களுக்குப் பெரும்பாலும் சுண்டுவிரல் பக்கத்து எலும்புதான் உடைந்திருக்கும். அதனால் ராப் இல்லாமல் பேக் பக்கம் போக இங்கே யாரையும் விடுவதில்லை என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

சேரும்போது நான் அதிகம் விசாரித்தது ஸ்பாரிங், அதாவது இருவர் எதிரெதிரே நின்று ஆடும் பயிற்சிச் சண்டை பற்றித்தான். புதியவர்களுக்குக் கிடையாது. குறைந்தது ஆறு மாதம் ஆக வேண்டும், அப்போதும் மாஸ்டர் சொன்னால்தான். தொடக்கத்தில் உடம்பில் மட்டும், ஜாப் மட்டும். 16 அவுன்ஸ் கிளவுஸ், மவுத் கார்டு, ஹெட் கார்டு கட்டாயம். ஹெட் கார்டு போட்டுவிட்டால் மூளைக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கிற பெற்றோர்கள் இருக்கிறார்கள். அது வெட்டுக்காயம் வராமல் காக்கும், மண்டைக்குள் மூளை அதிர்வதைத் தடுக்காது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் ஹெட் கார்டு இல்லாமல்தான் ஆடினார்கள். “தலையில அடிபட்டு ஒருத்தர் தடுமாறினா என்ன பண்ணுவீங்க மாஸ்டர்?” என்று கேட்டேன். “அன்னையோட அவனுக்கு ஸ்பாரிங் நின்னுச்சும்மா. டாக்டர் எழுதிக் குடுக்காம திரும்ப ரிங்ல ஏத்த மாட்டேன். வீட்டுக்கும் நானே போன் பண்ணிச் சொல்வேன்” என்றார்.

அப்படி நடந்ததை ஒருமுறை நேரில் பார்த்தேன். பதினாறு வயதுப் பையன், நன்றாக ஆடுகிறவன், பக்கவாட்டில் வளைந்து வரும் ஹூக் குத்து ஒன்று பட்டு ஒரு நொடி கால் தளர்ந்தது. உடனே நிமிர்ந்துவிட்டான். “எனக்கு ஒண்ணும் இல்ல மாஸ்டர், ஆடறேன்” என்று கெஞ்சினான். மாஸ்டர் பதில் சொல்லாமல் அவன் கிளவுஸைக் கழற்றினார். அப்பா வந்து கூட்டிக்கொண்டு போகும் வரை அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, என்ன கிழமை, மதியம் என்ன சாப்பிட்டாய் என்று பேச்சுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவன் மறுபடி ரிங்கில் ஏறப் பல வாரம் ஆனது. எந்த ஜிம்மில் சேர்வதானாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இனி குறைகள். பெரிய குறை சுத்தம். பொதுக் கிளவுஸ் சில ஜோடிகள்தான். ஒருவர் கழற்றி வைத்ததும் இன்னொருவர் மாட்டிக்கொள்கிறார், உள்ளே ஈரம் காயவே காயாது. தோலைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு, பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பது என் அன்றாட வேலை. கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பைப் போட்டுப் போட்டு, படர்தாமரை முற்றிப்போய் வருகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். நான் சொன்ன பிறகு மேட்டைத் தினமும் கிருமிநாசினி போட்டுத் துடைக்கிறார்கள், அதற்கு நன்றி. ஆனால் பொதுக் கிளவுஸ் விஷயத்தில் இன்னும் ஒன்றும் மாறவில்லை. சொந்தமாக 12 அவுன்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சுமார் 1,800 ரூபாய்க்கு எனக்கு நல்லதாகவே கிடைத்தது. வீட்டுக்குப் போனதும் உள்ளே செய்தித்தாளைத் திணித்து ஃபேனுக்கு அடியில் வையுங்கள். ஹேண்ட் ராப்பை ஒவ்வொரு கிளாஸுக்குப் பிறகும் துவைக்க வேண்டும், இரண்டு ஜோடி இருந்தால் வசதி.

வெயில் காலத்தில் தகரக் கூரையின் அடியில் புழுக்கம் தாங்காது. மே மாதத்தில் சேர்வதாக இருந்தால் காலை பேட்ச்தான் சரி. மழைக்காலத்தில் கூரைச் சத்தத்தில் டைமர் மணி கேட்காது. மாஸ்டர் துண்டை வீசித்தான் ரவுண்டு முடிந்ததைச் சொல்வார்.

மாலை ஏழு மணி பேட்சில் பெண்கள் நாலைந்து பேர் இருக்கிறோம். உடை மாற்ற ஒரு சின்ன அறை உண்டு, அதன் தாழ்ப்பாளை நாங்கள் சொல்லிச் சொல்லி இப்போதுதான் மாற்றினார்கள். டாய்லெட் ஒரு மாடி கீழே. மற்றபடி இங்கே ஒருநாளும் சங்கடப்பட்டதில்லை. முறைத்துப் பார்ப்பவர்கள் இல்லை, “லேடீஸுக்கு இது போதும்” என்று பாடத்தைக் குறைப்பதும் இல்லை. வியாசர்பாடியிலிருந்து வருகிற ஒரு பள்ளிக்கூடப் பெண்தான் பாதி நாள் எனக்குப் பேடு பிடிக்கிறாள். பெண்கள் பாக்ஸிங் ஒலிம்பிக்குக்கு வந்ததே 2012 லண்டனில்தான், மேரி கோம் அதில்தான் வெண்கலம் வாங்கினார். அதையொட்டிப் பிறந்த இந்தப் பெண்ணுக்கு, இது பெண்கள் ஆட்டமா என்ற கேள்வியே தெரியாது. போன் திரையில் உலக சாம்பியன் பட்டம் வென்ற பாக்ஸர் நிகத் ஸரீன் படம் வைத்திருக்கிறாள். “அக்கா, மூச்சை அடக்காதீங்க, அடிக்கும்போது விடுங்க” என்று அவள் சொன்ன பிறகுதான் இரண்டாவது ரவுண்டு வரை எனக்குத் தாக்குப்பிடிக்க முடிந்தது.

மாதம் 2,500 ரூபாய், சேரும்போது ஒருமுறை 1,000 ரூபாய். வாரத்துக்கு நான்கு நாள். மாதாமாதம் கட்டினால் போதும், மொத்தமாகக் கேட்பதில்லை. ரசீது கேட்டால்தான் தருகிறார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பேக் முன் நிற்கும் புகைப்படத்துக்காக வருவதென்றால் இதைவிட அழகான இடங்கள் ஊரில் இருக்கின்றன. கை, கால், மூச்சு மூன்றும் ஒழுங்காகப் பழக வேண்டும் என்றால் இந்தப் பணம் குறைவு என்றே சொல்வேன்.

பார்க்கப் போகிறவர்கள் சனிக்கிழமை போகாதீர்கள். அன்று போட்டிக்குப் போகும் பிள்ளைகள் நிறைந்திருப்பார்கள், மாஸ்டரால் பேச முடியாது. வார நாளில் மாலை ஆறே முக்காலுக்குப் போனால் பொறுமையாகப் பேசுவார். டிரையல் கிளாஸுக்குப் பணம் இல்லை. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். மோதிரம், வளையலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். சர்க்கரை, பிரஷர், பழைய தோள்பட்டை வலி எதுவானாலும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவர் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, ஸ்கிப்பிங் எண்ணிக்கையைக்கூட அதைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்.