உப்புக்காற்று ஊரில் ஒரு பழைய மாஸி 1035: வாங்கிய அனுபவம்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பெரியவர், சின்னவர் எல்லோரும் சேர்ந்து கழற்றிப் பூட்டிப் பழக ஒரு பழைய சின்ன டிராக்டர் வேண்டும் என்றால், ராமநாதபுரம் கரையோரத்தில் இருப்பவர்கள் மாஸி பெர்குசன் 1035-ஐத் தேடுங்கள். எங்களுக்கு உச்சிப்புளிக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு. உழவுக்கு வாடகை வண்டி வந்துவிடும். பிழைப்புக்காக இதை வாங்கவில்லை. மாமா இளவயதில் ஒரு பண்ணையில் டிராக்டர் ஓட்டியவர். மகள் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறாள். ஏழாவது படிக்கும் மகன் கையில் ஸ்பானர் கிடைத்தால் செல்போனை மறந்துவிடுவான். இவர்கள் மூன்று பேருக்காகத்தான் தேடினோம். வாங்கி ஒரு மழைக்காலமும், தென்மேற்குக் காற்று வீசும் ஒரு கச்சான் காலமும் பார்த்தாயிற்று, அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

பழைய வண்டி பார்க்கப் போனால் எல்லோரும் நேராக எஞ்சினிடம் போவார்கள். நம் கரையில் தகட்டையும் ரிம்மையும்தான் முதலில் பார்க்க வேண்டும். எஞ்சினில் லைனர், பிஸ்டன், பேரிங், நாசில் என்று எது தேய்ந்தாலும் கடையில் புதுசு கிடைக்கும், மாற்றிக்கொள்ளலாம். உப்பு தின்ற தகட்டை என்ன செய்வது? ஒட்டுப் போட்டு வெல்டிங் வைத்தால் அந்த வெல்டிங்கின் ஓரத்திலேயே அடுத்த துரு கிளம்பும்.

எங்கே பார்க்க வேண்டும் என்று மாமா காட்டிக்கொடுத்தார். பின் சக்கர ரிம்மில் வால்வு வெளியே வரும் துளை இருக்கிறதே, அதைச் சுற்றி விரலால் தடவுங்கள். பிடிமானத்துக்காகப் பின் டயர் டியூபில் தண்ணீர் நிரப்புவது வழக்கம். நம் பக்கத்து போர்வெல் தண்ணீர் பல இடத்தில் உவர். வால்வடியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவது ரிம்முக்கும் டியூபுக்கும் நடுவில் போய்த் தங்கிவிடும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், வால்வைச் சுற்றி மட்டும் லேசாக உப்பியிருக்கும். மண்டபத்துப் பக்கம் பார்த்த ஒரு வண்டியில் மாமா ஸ்க்ரூ டிரைவர் முனையை அந்த இடத்தில் வைத்து அழுத்தினார். டீயில் நனைந்த பிஸ்கெட் மாதிரி உள்ளே போனது. எஞ்சின் சத்தம் அருமையாகத்தான் இருந்தது. "வேணாம் தாயி, கிளம்பு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அதே போல மட்கார்ட் ஆக்சில் உறையோடு சேரும் போல்ட் இடங்கள், பேட்டரித் தட்டின் அடிப்பக்கம், டீசல் டேங்கின் அடிமட்டம், கால் வைக்கும் பலகைத் தகடு எல்லாவற்றையும் சுரண்டிப் பாருங்கள். டேங்கின் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் உள்ளே துருச் சேறு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். வருஷக்கணக்காகத் தென்கடல் பக்கம் திறந்த வெளியில் நின்ற வண்டியை நான் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டேன். வடகடல் பக்கமும் உப்பு இருக்கிறது. ஆனால் கச்சான் காற்று நேராக அறையும் தெற்குக் கரைதான் இரும்புக்கு எமன். கடைசியில் கமுதிக்கு அந்தப் பக்கம் கரிசல் காட்டில், ஓட்டுக் கொட்டகைக்குள் நின்ற வண்டி அமைந்தது. 1980-களின் மாடல், மூன்று எழுத்துப் பழைய நம்பர். விலை ஒரு லட்சத்துக்குச் சற்றுக் கீழே முடிந்தது. கடலை விட்டு உள்ளே தள்ளித் தேடுங்கள் என்பதுதான் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை.

சரி, ஏன் மாஸி? மற்றதையும் பார்த்தோம். எச்.எம்.டி. 2511 கட்டுறுதியான 25 குதிரைத்திறன் வண்டி. செக்கோஸ்லோவாக்கியாவின் ஜெட்டர் வடிவம். ஹரியானாவில் பிஞ்சோரில் செய்தார்கள். கம்பெனியின் டிராக்டர் பிரிவே 2016-இல் மூடப்பட்டுவிட்டது, நம் ஊர்க் கடைகளில் சாமான் கேட்டால் கையை விரிக்கிறார்கள். ஸ்வராஜ் 724 மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. துர்காபூரில் அரசு ஆராய்ச்சி நிலையத்தில் நம்மவர்களே வடிவமைத்து 1974-இல் வந்த வண்டி அது. ஆனால் பழைய 724 நல்ல நிலையில் நம் பக்கம் கண்ணில் படவில்லை. பழைய ஐஷர்களில் காற்றில் குளிரும் எஞ்சின். ரேடியேட்டர் தொல்லை இல்லை, பழக எளிது. கிடைத்தால் அதுவும் நல்ல தேர்வுதான். மிட்சுபிஷி சக்தி இவற்றைவிடச் சின்னது, 18.5 குதிரைத்திறன், தென்னை வரிசைக்கு நடுவில் அழகாகத் திரும்பும். ஆனால் அதில் எல்லாமே நெருக்கமாக அடங்கியிருக்கிறது, சின்னப் பிள்ளை கை விட்டுக் கற்க இடம் போதாது. மாஸியில் ஒவ்வொரு உறுப்பும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும், ஸ்பானர் தாராளமாகப் போகும். மூன்று சிலிண்டர், 35 குதிரைத்திறன் அளவு, முன்னே ஆறு கியர், பின்னே இரண்டு. சென்னையில் செய்த சிம்சன் எஞ்சின், இங்கிலாந்தின் பெர்கின்ஸ் கம்பெனி வழி வந்தது. ராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் பெரும்பாலான சாமான் கிடைக்கிறது, இல்லாததற்கு மதுரை. இந்த எஞ்சினில் கைவைக்காத டிராக்டர் மெக்கானிக் நம் மாவட்டத்தில் இருக்க மாட்டார்.

இந்த வண்டியின் பரம்பரை பிள்ளைகளை இழுத்துக்கொண்டது. ஹாரி பெர்குசன் என்பவர் கலப்பையை மூன்று புள்ளிகளில் வண்டியோடு பிணைத்து ஹைட்ராலிக்கால் தூக்கும் முறையைக் கொண்டுவந்தார். அந்த முறையோடு இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 1946 முதல் 1956 வரை வந்த டி.இ.20 என்ற சாம்பல் நிற டிராக்டர் ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றது. எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4 அன்று தென் துருவத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் இந்த பெர்குசன் டிராக்டர்களில்தான். அடுத்து வந்த 35 என்ற மாடலின் வழியில் வந்ததுதான் நம் 1035. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே கம்பெனி இங்கே மாஸி வண்டிகளைச் செய்தது. எவரெஸ்ட் ஏறியவர் ஓட்டிய வண்டியின் வாரிசு நம் கொட்டகையில் நிற்கிறது என்று தெரிந்ததும் மகன் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டான்.

அந்த ஹைட்ராலிக்கைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வண்டியின் உயிரே அதில்தான் இருக்கிறது. கலப்பை கெட்டி மண்ணில் மாட்டினால் மேல் இணைப்புக் கம்பி முன்னால் தள்ளும். அங்கே ஒரு பெரிய ஸ்பிரிங் அமுங்கும். அது உள்ளே வால்வை நகர்த்திக் கலப்பையை மயிரிழை தூக்கிவிடும். பாரம் பின் சக்கரத்தில் ஏறி, சக்கரம் வழுக்காமல் இழுக்கும். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. மகள் மேல் இணைப்புக் கம்பியை நாங்கள் தள்ளச் சொல்லி, ஸ்பிரிங் அசைவதைத் தம்பிக்குக் காட்டினாள். கல்லூரியில் படமாகப் பார்த்ததை இங்கே தொட்டுப் பார்க்கிறாள்.

வாங்கும்போது இதைச் சோதிக்கக் கல்டிவேட்டரை மாட்டித் தூக்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடும்போதே கலப்பை கொஞ்சம் இறங்குவதும் திரும்ப ஏறுவதுமாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தால் உள்ளே எண்ணெய் கசிகிறது. மேல் மூடியைத் தூக்கிச் சிலிண்டர் ரிங்கையும் வால்வையும் பார்க்க வேண்டியிருக்கும். பயப்பட வேண்டாம், அதைச் சொல்லி விலை குறைக்கலாம்.

எஞ்சினுக்கும் வருகிறேன். நீங்கள் போகும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் சைலன்சரில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதற்காக முன்கூட்டியே ஓட்டினார்கள் என்று கேளுங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது என்பதுதான் கம்ப்ரஷனைச் சொல்லும். ஓடியபின் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளக் கூடாது. நீலப் புகை நின்று நிலைத்தால் எண்ணெய் எரிகிறது, ரிங் வேலை வரும். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியைப் பொழுதுபோக்குக்காக வாங்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் வேலையைப் பிரித்துக்கொண்டோம். டீசல் லைனில் காற்று எடுப்பது மகன் பொறுப்பு. பில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்பை அடித்து, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை பார்த்து இறுக்குவான். அதன் பிறகு எஞ்சின் ஒரே சுற்றில் பிடிக்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்! பிரேக் டிரம்மும் கிளட்ச் பிளேயும் மகள் வேலை. என் வேலை தகடும் பெயின்ட்டும். இதில் ஒரு விஷயம் கரையோரத்தவர்களுக்கு மட்டும். தகட்டைத் தேய்த்து வெள்ளை இரும்பாக்கிவிட்டு நாளைக்கு பிரைமர் அடிக்கலாம் என்று விட்டால், காலையில் அதன் மேல் மஞ்சள் பூத்திருக்கும். காலையில் தேய்ப்பது, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவுவது, வெயிலில் உலர்த்துவது, சாயங்காலக் காற்று ஈரம் கொண்டுவருமுன் ரெட் ஆக்சைடு அடித்து முடிப்பது என்று அன்றைக்கே செய்யுங்கள். முடிக்க முடிந்த அளவு தகட்டை மட்டும் அன்றைக்குத் தேய்த்தால் போதும். கழுவ உவர்த் தண்ணீர் ஆகாது. மழைத் தண்ணீரை நாங்கள் டிரம்மில் பிடித்து வைத்திருக்கிறோம். கொட்டகைக்குக் கச்சான் பக்கம் பனையோலைத் தட்டி கட்டியதே பாதித் துருவைத் தடுத்துவிட்டது.

குறைகள் உண்டு. பவர் ஸ்டீயரிங் கிடையாது, மணலில் நின்ற இடத்தில் திருப்பினால் தோள் கழன்றுவிடும். நகர்ந்தபடியே திருப்பப் பழக வேண்டும். கியர் மாற்றும்போது கரகரக்கும், வண்டியை நிறுத்தி மாற்றுவதுதான் பல்லுக்கு நல்லது. ஒற்றைக் கிளட்ச் வண்டியானால் கிளட்சை மிதித்ததும், கருவிகளை ஓட்டப் பின்னால் சுற்றும் பி.டி.ஓ. தண்டும் நின்றுவிடும், தோப்பில் பம்ப் ஓட்ட நினைப்பவர்கள் டூயல் கிளட்ச் வண்டியாகப் பாருங்கள். வெயிலில் எஞ்சின் சூடு காலில் அடிக்கும். டயர் விலைதான் பெரிய செலவு: பின்னால் 12.4-28, முன்னால் 6.00-16. ரப்பர் வெடித்த வண்டி என்றால் அந்தத் தொகையை முதலிலேயே கழித்துப் பேசுங்கள்.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பழைய வண்டியில் தலைக்கு மேல் காப்புச் சட்டம் இல்லை. வரப்பிலோ கண்மாய்க் கரையிலோ கவிழ்ந்தால் ஓட்டுநர் அடியில்தான். மட்கார்டில் பிள்ளைகளை உட்கார வைத்து ஓட்டுவது நம் ஊரில் சாதாரணம். எங்கள் வீட்டில் மாமா அதை முதல் நாளே தடுத்துவிட்டார். "சீட்டு ஒண்ணு, ஆளு ஒண்ணு" என்பது அவர் சட்டம். பி.டி.ஓ. சுற்றும்போது துண்டு, தாவணி, தளர்ந்த சட்டை எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. வண்டிக்கு அடியில் போகிறவர்கள் ஜாக்கியை நம்பாமல் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் பனங்கட்டை வைத்து, ஆக்சிலுக்கு அடியிலும் கட்டை அடுக்கிய பிறகே படுக்க வேண்டும். ரோட்டில் போகும்போது இடது, வலது பிரேக் பெடல்களைக் கொக்கி போட்டுச் சேர்த்துவிடுங்கள். தனித்தனியாக மிதித்தால் வண்டி ஒரு பக்கம் சுழன்றுவிடும்.

கடைசியாகக் காகிதம். விவசாய டிராக்டரின் பதிவு 15 வருஷம் செல்லும், அதற்குமேல் 5 வருஷத்துக்கு ஒருமுறை படிவம் 25 கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். பழைய வண்டி பலதுக்கு இது விட்டுப்போயிருக்கும். பெயர் மாற்ற 29, 30, ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு இருந்தால் அதை நீக்கப் படிவம் 35. எங்களுக்கு ஒரு தரகர் "பேப்பர் எல்லாம் அப்புறம் வரும்" என்று அட்வான்ஸ் கேட்டார், நாங்கள் கொடுக்கவில்லை. ஆர்.சி.யைக் கையில் வாங்கி, எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் வண்டியிலேயே படித்து ஒப்பிடுங்கள். எண் துருவில் மங்கியிருந்தால் கம்பி பிரஷால் லேசாகத் துடைத்து, சாக்பீஸைத் தேய்த்துவிட்டுத் துணியால் ஒற்றினால் பள்ளத்தில் வெள்ளை நின்று எழுத்து தெரியும். ஒரு எண் ஒத்துவராவிட்டாலும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.