ஆல்ஃபாவா, ஒமேகாவா, எது பிடிக்கும்?

இரண்டுமே அமெரிக்கக் கறுப்பின மாணவர்களின் சகோதரச் சங்கங்கள்தான். பிறந்த வீடுதான் வேறு. ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா 1906 டிசம்பர் 4 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவானது. சுற்றிலும் வெள்ளை மாணவர்கள். முந்தைய ஆண்டு படித்த கறுப்பின மாணவர்களில் ஆறு பேர் திரும்பி வரவே இல்லை. மிஞ்சியவர்கள் படிப்புக் குழுவாகக் கூடினார்கள், அது சங்கமானது. நிறுவனர்கள் ஏழு பேர். அவர்களில் வெர்ட்னர் டேண்டி பின்னாளில் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்.

ஒமேகா சை ஃபை தொடங்கியது 1911 நவம்பர் 17, கறுப்பினத்தவருக்கான ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில். லவ், கூப்பர், கோல்மன் என மூன்று மாணவர்கள், கூடவே அங்கே ஆசிரியராக இருந்த உயிரியலாளர் எர்னஸ்ட் ஜஸ்ட். கூடிய இடமும் அவருடைய அலுவலக அறைதான். சொந்த வீடுதானே, சுலபமாக இருந்திருக்கும் என்று நினைப்போம். ஆனால் தேசிய அமைப்பாக ஏற்க நிர்வாகம் முதலில் மறுத்தது! ஆல்ஃபாவின் கிளை 1907லேயே அங்கே வந்துவிட்டது என்பது இன்னொரு வேடிக்கை.

ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து கட்டியது என்பதால் எனக்கு ஒமேகா பக்கம் ஒரு சாய்வு உண்டு.