பயப் படிக்கட்டு: ஒரு கல்வியாண்டு பயன்படுத்திய பிறகு

பள்ளிக்கூடம் என்றாலே வயிறு வலிக்கிற பிள்ளைகளுக்கு உளவியலாளர்கள் தரும் வழிகளில் நின்று உழைப்பது பயப் படிக்கட்டு: பயங்களைச் சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கி, ஒவ்வொன்றாக நேரில் சந்தித்து ஏறுவது. அது கெடுகிற இடம் பெரும்பாலும் வீடு. பாளையங்கோட்டையில் ஆலோசனை அறைக்குள் வாரத்துக்கு முக்கால் மணி நேரம்தான். மிச்ச வாரம் முழுக்க வீட்டுக்காரர்கள் கையில். பொதுவாக 12 முதல் 16 அமர்வுகள் ஆகும்.

படிக்கட்டுக்கு முன்னால் ஒரு வேலை. வயிற்றுவலியை நடிப்பு என்று தள்ளக்கூடாது. பயம் குடலை உண்மையாகவே பிசையும். குழந்தை மருத்துவரிடம் காட்டிவிட்டு, இரண்டு வாரம் வலி வரும் நாளையும் மணியையும் நோட்டில் குறியுங்கள். ஞாயிறு காலை இல்லாத வலி திங்கள் ஏழு மணிக்கு வந்தால் திசை தெரிந்துவிடும்.

பிறகு பிள்ளையே பயங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் போட வேண்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ராத்திரியே பை அடுக்குவது 2 என்று இருக்கலாம். யூனிஃபார்மோடு காலைச் சாப்பாடு 3, பஸ் ஸ்டாப் வரை நடப்பது 4, ஞாயிற்றுக்கிழமை பள்ளி கேட் முன் பத்து நிமிடம் நிற்பது 5, நூலகத்தில் ஒரு பீரியட் 6, பிடித்த பாடத்துக்கு மட்டும் வகுப்பு 7, மதியம் வரை 8, முழுநாள் 9. ஏறும் முன் "என்ன நடக்கும்னு நினைக்கே?" என்று கேட்டு எழுத வேண்டும், இறங்கியதும் நடந்தது என்ன என்று அதன் பக்கத்திலேயே எழுத வேண்டும். பயம் உடைவது இந்த இரண்டு வரிக்கும் நடுவில்தான். ஒரே படியை மூன்று நான்கு முறை ஏறிய பிறகே அடுத்தது. முதல் தடவை நன்றாகப் போய்விட்டதே என்று இரண்டு படி தாண்ட வைப்பதுதான் நாம் அதிகம் செய்யும் தப்பு.

அடுத்த தப்பு பாசத்தில் வருவது. பிள்ளை அழுததும் ஆச்சி, "எய்யா, இன்னைக்கு ஒருநாள் வீட்ல இருந்துக்கோ" என்பார். பயம் உச்சத்தில் இருக்கும்போது விலகினால், விலகியதால்தான் தப்பித்தோம் என்று மனசு படித்துக்கொள்ளும். மறுநாள் 6 இருந்த இடத்தில் 8 நிற்கும். அதனால் முதல் அமர்வுக்கே ஆச்சியையும் கூட்டிப் போங்கள். போகாத நாளில் பள்ளி நேரம் முடியும்வரை வீட்டில் டிவியும் போனும் கிடையாது. இது தண்டனைக்காக இல்லை. வீடு பள்ளியைவிடச் சுவாரசியமாகிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

பிள்ளை தைரியத்துக்குப் பிடித்துக்கொள்ளும் துணைகளையும் கவனிக்க வேண்டும். கேட்டருகே காத்திருக்கும் அம்மா, பையில் ஒளித்த போன், கோயில் கொடை விழாவில் மந்திரித்துக் கட்டிய கயிறு. கயிற்றோடு சண்டை வேண்டாம், ஆனால் "கயிறு இருந்ததால போனேன்" என்று பிள்ளை சொன்னால் அதையும் ஒரு படியாக எழுதி மெல்லக் கழற்றுங்கள்.

கயிறு என்றதும் நம்மூரில் இன்னொரு கயிறும் நினைவுக்கு வரும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் தந்த அறிக்கை, சாதி காட்டும் மணிக்கட்டுக் கயிறுகளைப் பள்ளியில் தடுக்கச் சொன்னது. வகுப்பில் நிஜமாகவே அடியோ சாதி வசையோ இருக்கும் பிள்ளைக்குப் படிக்கட்டு போடுவது கொடுமை. ஆபத்து உள்ள இடத்தில் பயம் சரியாகத்தான் வேலை செய்கிறது. முதலில் தலைமையாசிரியரிடம் எழுத்தில் புகார், அதன் மேல் நடவடிக்கை, சிகிச்சை அதற்கப்புறம். இதை விசாரிக்காமல் முதல் நாளே படிக்கட்டு வரையும் ஆலோசகரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

அமர்வு முடிந்து பைக்கில் ஏறும்போதே "உள்ள என்ன பேசுன?" என்று கேட்காதீர்கள். நல்ல ஆலோசகர் முதல் நாளே எல்லையைச் சொல்லிவிடுவார்: தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் எண்ணம், யாராவது தீங்கு செய்வது, இவை தவிர மற்றவை பிள்ளையின் அனுமதியில்லாமல் வெளியே வராது. பாலியல் தீங்கு என்றால் குழந்தைகளைக் காக்கும் 2012 போக்சோ சட்டப்படி அவர் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

பதின்வயதில் படிக்கட்டு மட்டும் போதாமல் போகலாம். மனச்சோர்வு இந்த வயதில் அழுகையாக வருவதைவிட எரிச்சலாகத் தலைகாட்டுவது உண்டு. தூக்கம் தலைகீழாகி, பிடித்த கிரிக்கெட்டும் விட்டுப்போய் இரண்டு வாரம் ஆனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் அதற்குத் துறை உண்டு. உளவியலாளர் மாத்திரை எழுத மாட்டார். மனச்சோர்வு மாத்திரை தொடங்கினால் பலன் தெரியச் சில வாரம் ஆகும், அந்த முதல் வாரங்களில்தான் கண்காணிப்பு அதிகம் தேவை. சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. இருக்கிறது என்றால் பூச்சிமருந்தையும் மாத்திரை டப்பாவையும் பூட்டுங்கள், தனியே விடாதீர்கள், உடனே மருத்துவமனை. அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-ஐ இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இந்த முறையின் பெரிய பலவீனம் லீவு. ஐப்பசி கார்த்திகையில் மழைக்காகத் தொடர்ந்து மூன்று நாள் விட்டாலே ஏறிய படி சறுக்கும். திறக்கும் நாளில் விட்ட இடத்தில் தொடங்காமல் இரண்டு படி கீழிருந்து ஏற்றினால் ஒரு வாரத்தில் பழைய இடம் வந்துவிடும். கோடை விடுமுறை இன்னும் நீளம். மே கடைசி வாரத்துக்கு ஓர் அமர்வை ஏப்ரலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி திறந்தபின் போனால் நேரம் கிடைப்பது கஷ்டம்.