ஜிப்சி முன் ஆக்சில்: டிரஸ்ஸா, ஸ்லீவா, ஜீப் ஆக்சிலா?

மேட்டில் ஏற்றிப் பறக்கவிடுகிற மாருதி ஜிப்சியில் முதலில் கோணுவது பெரும்பாலும் முன் ஆக்சில் ஹவுசிங்தான், அதாவது இரண்டு முன்சக்கரங்களுக்கும் நடுவே ஓடுகிற இரும்புக் குழாய்க் கூடு. வண்டி தரையில் விழும்போது பட்டைகள் (லீஃப் ஸ்பிரிங்) மேலிருந்து எடையை இறக்கும், சக்கரங்கள் இரண்டு முனையையும் மேலே தள்ளும். நடுவில் தொய்வு விழுந்து சக்கரங்களின் மேல்பக்கம் உள்ளே சாயும். டயர் உள்ஓரம் மட்டும் மொட்டையாகும். இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளி இருப்பதால், நீளமான பக்கத்துக் குழாய்க்குத்தான் ஆபத்து அதிகம்.

வேலூரில் இதற்குச் சொல்லப்படுகிற வழி மூன்று: பழைய மஹிந்திரா ஜீப்பின் ஆக்சிலை மாட்டுவது, குழாய்க்குள் ஸ்லீவ் எனும் தடித்த உள்குழாயை இறக்குவது, மேலே டிரஸ் எனும் இரும்புத் தாங்குசட்டத்தைப் பற்றவைப்பது. நான் டிரஸ் போட்டவன். அதனால் இந்தத் தராசு கொஞ்சம் ஒருபக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

ஜீப் ஆக்சிலை முதலில் முடித்துவிடலாம். ஜீப்புக்கும் ஜிப்சிக்கும் சக்கர போல்ட் அமைப்பு ஒன்றே: 5 துளை, 139.7 மி.மீ. வட்டம். இதைப் பார்த்துத்தான் பலருக்கும் ஆசை வருகிறது. ஆனால் முன், பின் ஆக்சில்களின் கியர் பல் விகிதம் ஒன்றாக இல்லாமல் ஃபோர் வீலைப் போட்டால் கியர்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். ஆக, பின் ஆக்சிலையும் மாற்ற வேண்டும். அப்புறம் ஸ்டியரிங் ராடு, பிரேக் லைன், புரொப்பல்லர் ஷாஃப்ட், பட்டை உட்காரும் இடம் என்று வேலை நீண்டுகொண்டே போகும். அனுமானமாக எதையும் வாங்கிவைக்காதீர்கள், எல்லாவற்றையும் அளந்து பார்த்துத்தான் இறங்க வேண்டும். சட்டமும் இருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவையும், தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் படித்துவிட்டு முடிவெடுங்கள். டிரஸ் போடுபவர்களுக்கும் இது பொருந்தும். என் வண்டி ரோட்டுக்கு வருவதில்லை. கணியம்பாடிப் பக்கம் நண்பரின் பட்டா நிலத்தோடு அதன் ஓட்டம் சரி.

ஸ்லீவ் நல்ல யோசனைதான், மறுப்பதற்கில்லை. வெளியே எதுவும் தெரியாது, தரைக்கும் ஆக்சிலுக்கும் உள்ள இடைவெளியும் குறையாது. ஆனால் அதை இறக்க, முனையில் சக்கரம் திரும்புவதற்காக இருக்கிற நக்கிள் பந்தை வெட்டி எடுத்து, அதே கோணத்தில் திரும்பப் பற்றவைக்க வேண்டும். கோணம் துளி பிசகினாலும் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். கவனமாகச் செய்கிற லேத் பட்டறை கிடைத்தால் இது நடக்கிற வேலைதான்.

எனக்கு முடிவைத் தீர்த்துவைத்தது பலம் இல்லை, பராமரிப்பு. ஹவுசிங் லேசாக வளைந்தாலே உள்ளே சக்கரத்தைச் சுழற்றுகிற ஷாஃப்ட் நேராக ஓடாது, ஆயில் கசியாமல் அடைக்கிற சீலின் ஒரு பக்கத்தைத் தின்றுவிடும். டிஃபரன்ஷியலில் இருக்க வேண்டிய கியர் ஆயில் நக்கிள் பந்துக்குள் போய், அங்கிருக்கிற கிரீஸைக் கரைத்துவிடும். சக்கரத்துக்குப் பின்னால் பளபளவென்று இருக்க வேண்டிய பந்தின்மேல் கறுத்த கூழ் வழிந்து, அதில் மண் ஒட்டி, டயரின் உள்பக்கம் வரை தீற்றியிருக்கும். அதைத் துடைத்துவிட்டு சீல் மட்டும் மாற்றினால் சில வாரத்தில் திரும்ப வழியும். வளைவுதான் நோய், வழிவது அதன் அறிகுறி. இந்த இடத்தில்தான் ஸ்லீவும் டிரஸ்ஸும் பிரிகின்றன. ஸ்லீவ் போட்ட குழாய் திரும்ப வளைந்தால் உள்ளே என்ன ஆனது என்று பார்க்க வழியில்லை. நிமிர்த்தவும் முடியாது, ஹவுசிங் பழைய இரும்புக் கடைக்குத்தான். டிரஸ் விரிசல் விட்டால் வெளியிலேயே தெரியும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் பெயின்டின்மேல் மயிரிழைக் கோடு துருப்பிடித்துக் கிடக்கும். அந்த இடத்தை அரைத்துவிட்டுத் திரும்பப் பற்றவைக்க, சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ எந்த வெல்டிங் பட்டறையும் போதும். உள்ளே இருக்கிற சீல், பேரிங், ஷாஃப்ட் எல்லாம் ஜிப்சியின் அசல் ஸ்பேரே. திங்கட்கிழமை காலையில் கடையில் போய்க் கேட்க முடிகிறது, அதுதான் எனக்குப் பெரிது.

ஆனால் டிரஸ்ஸை அவசரமாகப் பற்றவைத்தால், குதிக்காமலே ஆக்சில் வளைந்துவிடும். வெல்டிங் சூடு ஆறும்போது இரும்பைச் சுருக்கும். மேல்பக்கம் மட்டும் நீளமாக ஓட்டினால் முனைகள் மேலே இழுபடும், அதாவது நாம் பயந்த அதே வளைவு. ராணிப்பேட்டைப் பக்கம் பெல் (BHEL) ஆலையைச் சுற்றி ஃபேப்ரிகேஷன் பழகிய கைகள் நிறைய. எனக்குச் செய்த பெரியவரும் அப்படித்தான், கறாராக இருந்தார். ஹவுசிங்கை ஒரு கனமான ஐ-பீமோடு கிளாம்ப் போட்டு இறுக்கினார். பழைய டிஃபரன்ஷியல் கூடு ஒன்றை போல்ட் போட்டு மூடவைத்தார், வாய் கோணக்கூடாது என்பதற்காக. இங்கே ஓர் அங்குலம், மறுபக்கம் ஓர் அங்குலம் என்று மாற்றி மாற்றிப் பற்றவைத்தார். தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கலாமா என்று கேட்டேன். “தம்பி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வா” என்றார். பந்துக்குப் பக்கத்தில் முக்கோணத் தகடுகளும் அவர் யோசனைதான். பந்தும் குழாயும் சேருகிற அந்த இணைப்பை விட்டுவிட்டு நடுவை மட்டும் பலப்படுத்தினால், அடுத்து விரிசல் விடுவது அங்கேதான் என்றார்.

டிரஸ்ஸுக்குக் குறை ஒன்று நிச்சயம் உண்டு: உயரம். ஜிப்சியில் பட்டை ஆக்சிலுக்குக் கீழே ஓடுவதால், ஆக்சிலுக்கும் என்ஜினின் அடியில் ஆயில் நிற்கிற சம்புக்கும் நடுவே இடம் ஏற்கெனவே கம்மி. உயரமான டிரஸ் வைத்தால் பட்டை முழுதாக அமுங்கும்போது சம்பைக் குத்தும். பட்டை அளவுக்குமேல் அமுங்காமல் தடுக்கிற பம்ப் ஸ்டாப்பை நீட்டலாம், ஆனால் அமுங்குகிற தூரம் குறையும். குதிக்கிற வண்டிக்கு அந்தத் தூரம்தான் உயிர். அதனால் தாழ்வாக, நீளமாக வைக்கச் சொன்னேன். ஷாக் அப்சார்பர் நல்லதாக இல்லாமல் இதில் எதைச் செய்தும் பிரயோசனமில்லை, அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. டிரஸ் இருப்பதால் ஷாஃப்ட் மூட்டு தப்பிக்கும் என்றும் நினைக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்தபடி சக்கரம் சுழலத் தரையில் விழுந்தால் அது உடைகிற காரணமே வேறு.

என் அனுபவம் சரளை மண்ணில், இடுப்பளவு மேடுகளில்தான். இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக விழுகிற குதிப்புகள். ஒரு சக்கரம் மட்டும் பாறையில் மோதி இறங்கினால் இந்த டிரஸ் எப்படித் தாங்கும் என்பதை நான் பார்த்ததில்லை. ஆளுயரத்துக்குப் பறக்கவிடுகிறவர்களுக்கு ஜீப் ஆக்சில்தான் சரியாக இருக்குமோ என்னவோ, அதை மாட்டி ஓட்டியவர்தான் சொல்ல வேண்டும்.