பனிச்சறுக்கு உடை: பல பருவங்கள் உடுத்திய பிறகு

பனிச்சறுக்கு உடை வாங்கப் புறப்படும் நண்பர்கள் முதலில் விசாரிப்பது ஜாக்கெட்டைப் பற்றித்தான். நான் உள்சட்டையிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். ஒரே உடைகளைப் பல பருவங்கள் உடுத்தியதில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம், சரிவில் நம்மை நடுங்க வைப்பது பெரும்பாலும் நம் வியர்வைதான் என்பது. சறுக்கி இறங்கும்போது உடம்பு கொதிக்கிறது. அடுத்த சில நிமிடங்களில் லிஃப்ட் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து எதிர்காற்றில் மேலே போகிறோம். வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி செல்சியஸ், காற்றின் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால், தோலுக்கு அது மைனஸ் 20 போல உறைக்கும். அப்போது முதுகில் ஈரமும் இருந்தால் தாங்க முடியாது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும்.

ஆகவே பருத்தி வேண்டவே வேண்டாம். ஈரத்தைக் குடித்துவிட்டு நாள் முழுக்க உலராமல் கிடக்கும். மெரினோ என்ற ஆட்டினத்தின் மெல்லிய கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டாலும் தோலில் பிசுபிசுக்காது. சில நாட்கள் தொடர்ந்து உடுத்தினாலும் நாற்றம் பிடிக்காது. அதன் குறை ஆயுள்தான். என் மெல்லிய மெரினோ சட்டை அக்குளிலும், முதுகுப்பை வார் உராயும் தோளிலும் நைந்து, வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடையாகத் தெரிகிறது. அதே காலத்தில் பாலியெஸ்டர் சட்டையில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. ஆனால் மாலையில் அதன் வாடை தாங்காது. இருந்தும் என் ஓட்டு மெரினோவுக்கே.

உள்சட்டைக்கும் வெளி ஜாக்கெட்டுக்கும் இடையிலான நடு அடுக்குக்கு ஃப்ளீஸ் என்ற பொசுபொசுப்பான செயற்கைத் துணி போதும். இறகு அடைத்த ஜாக்கெட் எடைக்கு அதிகச் சூடு தரும், ஆனால் நனைந்தால் இறகு கட்டிதட்டிப் பயனற்றுப் போகும்.

வெளி ஜாக்கெட்டைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1976-ல் சந்தைக்கு வந்த கோர்-டெக்ஸ் போன்ற துணிகளில் ஒரு நுண்சவ்வு உண்டு; நீர்த்துளியைத் தடுத்து, வியர்வை ஆவியை வெளியே விடும். ஜாக்கெட்டின் விவரச் சீட்டில் 10,000 மில்லிமீட்டர், 20,000 மில்லிமீட்டர் என்று இருப்பது நீரழுத்தத்தைத் தாங்கும் அளவு. உலர்ந்த பனிக்கு முதலாவது போதும், ஈரப்பனிக்கு இரண்டாவது நல்லது. ஆனால் காலப்போக்கில் முதலில் தேய்வது சவ்வு அல்ல, மேல்துணியின் நீர்விலக்குப் பூச்சு. புதிதில் தோளில் விழுந்த பனி உருகி மணிமணியாக உருண்டோடும். பிறகு ஒரு நாள் தோளிலும் மணிக்கட்டிலும் துணி கருத்து, நீரை உறிஞ்சத் தொடங்கும். அந்த ஈரப்படலம் ஆவியை அடைத்துவிடுவதால் வியர்வை உள்ளேயே தேங்கும். ஜாக்கெட் ஒழுகுவதாகவே தோன்றும். இந்த நிலையில் பலர் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்கு மனம் பொறுக்கவில்லை. இத்தகைய துணிக்கான திரவத்தில் துவைத்து, பராமரிப்புச் சீட்டு அனுமதித்தால் டிரையரில் மிதமான சூட்டில் உலர்த்துங்கள். என் ஜாக்கெட்டில் மணிகள் மறுபடி உருண்டன. அப்படியும் பலனில்லை என்றால் நீர்விலக்கு ஸ்பிரே இருக்கிறது. துணி மென்மையாக்கும் திரவத்தை மட்டும் அண்டவிடாதீர்கள். வாங்கும்போது அக்குளில் ஜிப் இருக்கிறதா என்றும் பாருங்கள். உடம்பு சூடேறும்போது அதைத் திறந்துவிடுவதற்கு எந்தச் சவ்வும் ஈடாகாது.

பேன்ட்டில் நான் முதலில் தடவிப் பார்ப்பது கால்விளிம்பின் உட்பக்கத்தை. சறுக்குப் பலகையின் உலோக விளிம்பு அங்கேதான் கிழிக்கும். தடித்த ஒட்டுத்துணி இல்லாத என் பழைய பேன்ட்டின் விளிம்பு நார்நாராகிவிட்டது. ஒட்டுத்துணி உள்ளதில் கீறல்கள் மட்டுமே.

காலுறை ஒரே ஜோடி, அதுவும் மெல்லியது. இரண்டு ஜோடி அணிந்தால் பூட்ஸ் இறுகி, இரத்த ஓட்டம் குறைந்து, விரல்கள் முன்னைவிடச் சில்லிடும். கைக்கு, விரல்கள் ஒன்றாக இருக்கும் மிட்டன் வகையே அதிகச் சூடு. ஆனால் அதைக் கழற்றாமல் பூட்ஸ் கொக்கியை மாட்டுவது கடினம் என்பதால், கடுங்குளிரில் மட்டும் எடுக்கிறேன். கண்ணாடியில் கஞ்சத்தனம் கூடாது: புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும், மேகமூட்டத்திலும் கண் எரியும்.

அடுத்த பருவத்துக்கு நான் மாற்றப்போவது நைந்த மெரினோ சட்டையையும் கையுறையையும்தான். ஜாக்கெட்டில், தையல் வழியே நீர் புகாமல் ஒட்டிய பட்டைகள் இன்னும் உரியவில்லை. அதைத் துவைத்து மடித்து வைத்துவிட்டேன்.