வெளியில் சமைக்க மரவண்டி: நாலு சக்கரமா, இரண்டு போதுமா?

தோட்டத்தில் வைத்துச் சமைக்க ஒரு மரவண்டி செய்யலாம் என்று பேச்செடுத்தால், முதலில் வரும் கேள்வி "என்ன மரம்?" என்பதுதான். நான் சக்கரத்தில் ஆரம்பிப்பேன். மரத்தில் செய்த தப்பு இரண்டு மழைக்காலம் கழித்துத்தான் தெரியும். சக்கரத்தில் செய்த தப்பு முதல் நாளே தெரிந்துவிடும்.

என் முதல் வண்டிக்கு நாலு மூலையிலும் 2 அங்குல காஸ்டர், அதாவது எந்தப் பக்கமும் திரும்பும் சின்னச் சக்கரம் மாட்டினேன். சிமெண்ட் தரையில் ஒரு விரலால் தள்ளலாம், அப்படி ஓடியது. புல்தரையில் இறக்கியதும் முன்சக்கரம் இரண்டும் மண்ணில் புதைந்தன. வண்டி அங்கேயே நின்றுவிட்டது, மேலே இருந்த வாணலிதான் நிற்கவில்லை.

இப்போது இருப்பதில் ஒரு பக்கம் 10 அங்குலத்தில் காற்றடைத்த சக்கரம் இரண்டு, மறுபக்கம் வெறும் கால்கள். கைப்பிடியைத் தூக்கினால் நகரும், இறக்கினால் கால் ஊன்றி நின்றுவிடும். தூக்கும்போது மேல்தட்டு சரியும் என்பதால் சாமானை எல்லாம் முதலில் எடுத்துவிட வேண்டும். அவ்வப்போது காற்றும் அடிக்க வேண்டும். தளம் போட்ட இடத்தை விட்டு வண்டி வெளியே போகவே போகாது என்றால், பூட்டு வைத்த 4 அங்குல காஸ்டரே வசதி. மண், சரளை, புல் என்றால் பெரிய சக்கரம்தான்.

சரி, மரத்துக்கு வருவோம். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு, லேசில் உளுத்துப்போகாது. ஆனால் கனம், விலையும் அதிகம். பைன் இலகு, அறுக்கவும் சுலபம். வெளிப்பூச்சில் மட்டும் சோம்பல் கூடாது. பிளைவுட்டில் தண்ணீர் தாங்கும் ரகம் என்றாலும் தாங்குவது அடுக்குகளை ஒட்டிய பசைதான், மரம் இல்லை. வெட்டிய விளிம்பை அடைக்காமல் விட்டால் ஈரம் ஏறி ஊதிவிடும். 8-க்கு 4 அடி, 18 மி.மீ. பலகை ஒன்றே 30 கிலோவுக்கு மேல் இருக்கும், தள்ளப்போவது நீங்கள்தான். என் தேர்வு பைன் சட்டம், பலகைகளை வரிசையாக அடித்த கீழ்த்தட்டு.

மேல்தட்டில் எவர்சில்வர் தகட்டை மரத்தோடு ஒட்டிப் பதிப்பவர்கள் உண்டு. தகடு சூட்டைத் தடுக்காது, அப்படியே கீழே கடத்தும். தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே நட்டுகளை முட்டுக் கொடுத்து ஒரு விரல் இடைவெளி விட்டால் நடுவில் காற்று ஓடும். கீழே சிலிண்டர் வைக்கக் கதவோடு பெட்டி அடிப்பதைவிடத் திறந்த தட்டு நல்லது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் அடியில்தான் தேங்கும். பெட்டிதான் வேண்டும் என்றால் அடிப்பலகையிலேயே துளைகள் வேண்டும்.

அப்புறம் ஸ்க்ரூவா, போல்ட்டா? கழற்றி காரில் ஏற்றுவதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், போல்ட்தான். ஸ்க்ரூவை நாலைந்து தடவை கழற்றி மாட்டினாலே மரத்தில் பிடிப்பு போய்விடும். கால்களுக்கு 8 மி.மீ. போல்ட், இருபுறமும் அகல வாஷர். ஸ்பானரைக் கைப்பிடியிலேயே கயிற்றில் கட்டி வைத்திருக்கிறேன். ஒருமுறை அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய், வண்டியைப் பலகைக் கட்டாகவே திரும்பக் கொண்டுவந்தேன்.