லேப்ரடாருக்கு வாங்கிய ஸ்லோ ஃபீடர் தட்டு: நாலு மாத அனுபவம்

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். தட்டு மோசமில்லை, பெட்டியில் அச்சடித்திருப்பதுதான் மோசம்.

எங்கள் கருப்பனுக்கு ஐந்து வயது, 38 கிலோ. சோறும் வேகவைத்த கோழியும் போட்டுவிட்டு நான் கை கழுவித் திரும்புவதற்குள் கிண்ணம் காலி, அப்புறம் அதில் பாதியைக் கூடத்திலேயே கக்கி வைப்பான். அதற்காகத்தான் உள்ளே வளைவு வளைவாக மேடு வைத்த இந்தப் பிளாஸ்டிக் தட்டை 549 ரூபாய்க்கு வாங்கினேன். இப்போது நாக்கை விட்டுத் துழாவி ஏழெட்டு நிமிடம் சாப்பிடுகிறான், கக்குவது நின்றுவிட்டது. அதுவரை சந்தோஷம்.

ஆனால் பசியைக் குறைக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறார்களே, அது சுத்தப் பொய். கடைசிப் பருக்கையை நக்கிய கையோடு அம்மாவின் காலடியில் போய் உட்கார்ந்து, மூன்று நாள் பட்டினி மாதிரி முகத்தைப் பார்ப்பான். நாங்கள் கொடுத்துக் கெடுத்துவிட்டோம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். விஷயம் மூளையில் இருக்கிறதாம். உடம்பில் கொழுப்பு போதுமான அளவு இருந்தால் அதிலிருந்து கிளம்பும் லெப்டின் ஹார்மோன் மூளையின் அடியில் பசியைக் கவனிக்கும் ஹைபோதலாமஸ் என்ற பகுதிக்குப் போய், அங்கே சில நரம்பு செல்கள் "போதும்" என்று சொல்ல வேண்டும். லேப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு, அந்தச் சேதியைத் தயாரிக்கும் பிஓஎம்சி என்ற மரபணுவில் 14 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டிருப்பதை 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். இந்தக் கோளாறு உள்ள நாய்கள் சும்மா இருக்கும்போது செலவழிக்கும் சக்தியும் சுமார் 25 சதவீதம் குறைவு என்று 2024இல் அதே குழு சொன்னது, அதாவது பசி அதிகம், செலவு கம்மி. கருப்பனுக்குச் சோதனை எதுவும் செய்யவில்லை, முகத்தைப் பார்த்தால் தேவையும் இல்லை.

தண்ணீர் விஷயத்தில் அவன் அப்படியே நேர்மாறு. செட்டோடு வந்த மிதவைக் கிண்ணத்தில் நாலு மடக்கு குடிப்பான், தானாக நிறுத்திவிடுவான். ரத்தத்தில் உப்பு ஏறினால் தாகத்தை எழுப்புவதும் மூளைதான், ஆனால் குடித்த தண்ணீர் ரத்தத்தில் கலக்கும் வரை அது காத்திருப்பதில்லை, தொண்டையில் இறங்கும் மடக்குகளை வைத்தே தாகத்தை அணைத்துவிடுகிறது. ஒரே மண்டைக்குள் ஒன்றுக்கு அளவு தெரிகிறது, இன்னொன்றுக்குத் தெரியவில்லை! அந்தக் கிண்ணம் அருமை, தரையில் சொட்டு சிந்தாது.

இனி குறைகள். தயிர்ச்சோறு போட்டால் இடுக்கில் ஒட்டிக்கொள்ளும், பழைய டூத் பிரஷ் வைத்துத் தேய்க்காவிட்டால் சாயங்காலத்துக்குள் எறும்பு. அடியில் இருந்த நாலு ரப்பர் காலில் இரண்டு முதல் மாதமே கழன்றுவிட்டன, சாப்பிட்டு முடிக்கும்போது தட்டு கூடத்தின் அந்தக் கோடியில் இருக்கும்.

அவசரமாக விழுங்கும் நாய் என்றால் வாங்கலாம். எடை குறைய வேண்டுமென்றால் சமையலறைத் தராசு வாங்கிச் சோற்றை நிறுத்துப் போடுங்கள், நாங்கள் அதைத்தான் செய்கிறோம். ரப்பர் காலுக்காக விற்றவருக்கு இரண்டு முறை எழுதினேன், போட்டோ அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன், அதோடு சரி.